இளையராஜாவின் 'திருவாசகம்' நல்ல ஆல்பமா? ஒரு பழைய ரசிகரின் பதில்

திருகோணமலைப் பக்கத்து உப்புவெளியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். அவருடைய அப்பா சில மாதங்களுக்கு முன் காலமாகிவிட்டார். அப்பாவின் சீடிகளை ஒதுக்கி வைக்கும்போது இளையராஜாவின் 'திருவாசகம்' கிடைத்ததாம், போட்டுக் கேட்டிருக்கிறார். "குரல் பெரிதாக எடுபடவில்லை. இதையே எஸ்.பி.பி.யோ யேசுதாஸோ பாடியிருந்தால் எங்கேயோ போயிருக்கும். அப்புறம், அப்பாவின் செத்தவீட்டில் சுண்ணம் இடிக்கும்போது படித்த பாட்டு இதில் வயலின் கூட்டத்தோடு வருகிறது. கேட்க ஒரு மாதிரி இருந்தது. நீங்கள் இளையராஜாவின் பழைய ரசிகர், கோயிலில் திருவாசகம் படிக்கிறவரும் கூட. இது உண்மையிலேயே நல்ல ஆல்பமா? அப்பா ஏன் இதை இவ்வளவு பத்திரமாக வைத்திருந்தார்?" இதுதான் கேள்வி.

தம்பி, நல்ல ஆல்பம்தான். இன்னும் அழுத்தியே சொல்கிறேன்: பாடகர் இளையராஜா செய்த வேலைகளில் பெரியது இதுதான். இசையமைப்பாளர் இளையராஜாவைப் பற்றி இங்கே நான் கதைக்கவில்லை, அது தனிக் கதை. பாடகரைச் சொல்கிறேன். உங்களுக்குக் குறையாகப் பட்ட அந்தக் குரல்தான் இந்த ஆல்பத்தைத் தூக்கி நிறுத்துகிறது. ஆனால் ஆறு பாட்டும் ஒரே தரம் என்று சொல்லமாட்டேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் விபரத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஆல்பம் 2005 ஜூன் 30 அன்று சென்னையில் வெளியானது. 1976இல் சினிமாவில் முதல் படத்துக்கு இசையமைத்த இளையராஜாவுக்கு அப்போது வயது 62. ஹங்கேரியின் புடாபெஸ்ட் சிம்பனி ஓர்கெஸ்ட்ரா வாசித்தது. லாஸ்லோ கோவாக்ஸ் நடத்தினார். இடையிடையே வரும் ஆங்கில வரிகள் அமெரிக்க மேடை இசைநாடகப் பாடலாசிரியர் ஸ்டீபன் ஸ்வார்ட்ஸ் எழுதியவை. தயாரித்தது தமிழ் மையம் என்ற அமைப்பு. முன்நின்று நடத்தியவர் ஜெகத் கஸ்பர் அடிகள். அவருடைய குரல் நம் ஆட்களுக்கு மணிலா வெரித்தாஸ் வானொலியின் தமிழ்ச் சேவையில் நன்றாகப் பழக்கம். ஒரு சைவத் திருமுறையை இவ்வளவு பெரிய அளவில் பதிவுசெய்ய ஒரு கத்தோலிக்கப் பாதிரியார் ஓடித்திரிந்தார் என்பது எனக்கு இன்றைக்கும் சந்தோஷமான செய்தி. திருவாசகம் முழுவதையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1900இல் வெளியிட்ட ஜி. யு. போப்பும் பாதிரியார்தானே.

சிம்பனி என்று சொல்லி விளம்பரப்படுத்தினார்கள். வடிவத்தைப் பார்த்தால் இது ஒரேட்டோரியோ. தனிக்குரல், கோரஸ், ஓர்கெஸ்ட்ரா மூன்றும் சேர்ந்து ஒரு சமயநூலைப் பாடுகிற பழைய ஐரோப்பிய வடிவம் அது. பெயர் எதுவாகவும் இருக்கட்டும், அதில் தனிக்குரலுக்குத்தான் முதல் இடம் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஓர்கெஸ்ட்ராவைக் கேட்கப் போய்க் குரலைத் தவறவிட்டவர்கள் அன்றைக்கும் நிறையப் பேர்.

திருவாசகத்தில் 51 பகுதிகள் இருக்கின்றன. இளையராஜா எடுத்தது ஆறு: யாத்திரைப்பத்து, சிவபுராணம், திருக்கோத்தும்பி, பிடித்தபத்து, திருப்பொற்சுண்ணம், அச்சப்பத்து. இந்தத் தெரிவையே கொஞ்சம் கவனியுங்கள். எல்லோருக்கும் தெரிந்த திருவெம்பாவை இல்லை. திருப்பள்ளியெழுச்சியும் இல்லை. மார்கழியில் விடியற்காலை சங்கும் சேமக்கலமுமாக நம் தெருக்களில் வருகிற பாட்டுகளை அவர் தொடவே இல்லை. "போவோம் காலம் வந்தது காண்" என்று கூட்டத்தையே கூப்பிடுகிற யாத்திரைப்பத்தில் தொடங்கி, எதற்கும் அஞ்சேன் என்கிற அச்சப்பத்தில் முடிக்கிறார். சினிமா இசையமைப்பாளர் ஒருவர் பக்தி ஆல்பம் போட்டால் ஜனங்களுக்கு வாயில் வருகிற பாட்டுகளைத்தான் முதலில் எடுப்பார். இவர் அந்த வழிக்குப் போகவில்லை. நூலை வைத்துக்கொண்டு கனநாள் இருந்து பார்த்த ஒருவரின் தெரிவு இது.

இனிக் குரலுக்கு வருகிறேன்.

எழுபதுகளின் கடைசியில் திருகோணமலையில் எங்களுக்கு இளையராஜா வந்து சேர்ந்தது இலங்கை வானொலி வழியாக. ஒரு பாட்டுப் பிடித்துப்போனால் பட்டியல் எழுதிக்கொண்டு ரெக்கோடிங் பாருக்குப் போக வேண்டும். வெறும் கசற்றையும் பட்டியலையும் கொடுத்துவிட்டு வந்தால் பிறகு எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பட்டியல்களில் எஸ்.பி.பி., ஜானகி, யேசுதாஸ் எல்லாம் முன்னுக்கு நிற்பார்கள். இளையராஜாவே பாடிய பாட்டுகளைக் கடைசியில் எழுதுவோம், கசற்றில் இடம் மிஞ்சினால் போடச் சொல்லி. "இவ்வளவு நல்ல பாடகர்களை வைத்துக்கொண்டு அவர் ஏன் தானே பாடுகிறார்?" என்று அப்போதே ரசிகர்களுக்குள் சண்டை. நீங்கள் கேட்ட கேள்வி அன்றைக்கே இருந்தது தம்பி. ரசிகர்களுக்கு அவர் குரலோடு இருந்த உறவு அப்படித்தான்: மரியாதை உண்டு, ஆனால் முதல் வரிசை இல்லை.

அந்தக் குரல் எங்கே பழகிய குரல்? அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவோடு ஊர் ஊராகப் போய்ப் பாடியும் ஆர்மோனியம் வாசித்தும் வளர்ந்தவர் அவர். திறந்த வெளியில், கூட்டத்துக்கு முன்னால், வார்த்தை கடைசி ஆளுக்கும் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் அந்த மேடையின் தேவை. ஆகவே அவர் பாட்டில் சொல் முன்னுக்கு நிற்கும். மூக்கோடு சேர்ந்த கொஞ்சம் கரகரப்பு, கமகம் குறைவு, சுருதி மட்டும் மயிரிழை விலகாது. எஸ்.பி.பி. பாடினால் குரலுக்குள் ஒரு சிரிப்பு, ஒரு குறும்பு, ஒரு நடிப்பு இருக்கும். யேசுதாஸ் பாடினால் கார்வை இருக்கும், ஒரு ஸ்வரத்தில் நின்றால் அறை முழுக்க நிறையும். இளையராஜாவிடம் இந்த இரண்டும் இல்லை. 'தாய் மூகாம்பிகை' படத்தில் 1982இல் அவர் பாடிய 'ஜனனி ஜனனி' நவராத்திரிக்கு நம் கோயில் லவுட்ஸ்பீக்கர்களில் எத்தனை வருஷமாகப் போகிறது. அதை இன்னொரு பாடகரின் குரலில் நினைத்துப் பாருங்கள். அழகு கூடலாம். இரந்து கேட்டு நிற்கிறவனின் தோரணை குறைந்துபோகும்.

திருவாசகத்துக்கு அந்தத் தோரணைதான் வேண்டும். தேவாரத்தில் சம்பந்தர் பாடுவது வேறு மாதிரி. நம்முடைய கோணேசர் பதிகத்தில் மலையையும் கடலையும் முத்தையும் சந்தனத்தையும் அடுக்கி 'கோணமாமலை அமர்ந்தாரே' என்று முடிக்கும்போது அதில் ஒரு கம்பீரம் இருக்கிறது. ஊரின் பெருமை இருக்கிறது. மாணிக்கவாசகர் அப்படி நிமிர்ந்து நின்று பாடுகிறவர் இல்லை. அழுகிறார், தன்னைத் தானே திட்டிக்கொள்கிறார், கெஞ்சுகிறார், விட்டுவிடாதே என்கிறார். அதை அளவுக்கு மீறி அழகான குரல் ஒன்று பாடினால் நாம் குரலைக் கேட்டுத் தலையாட்டிவிட்டுப் போய்விடுவோம்.

சிவபுராணப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள், ஆல்பத்தில் 'பொல்லா வினையேன்' என்று தொடங்குவது. ஏறக்குறைய 20 நிமிஷம் வரும். சிவபுராணம் 95 வரி. நம் வீடுகளில் 'நமச்சிவாய வாஅழ்க' என்று தொடங்கி ஒரே ஓட்டத்தில் படித்து முடிப்போம். பத்து நிமிஷம் கூடப் பிடிக்காது. சின்ன வயதிலேயே மனப்பாடம் ஆகிவிட்டதால் வாய் தன்பாட்டில் ஓடும், மனம் வேறு எங்கேயோ இருக்கும். இளையராஜா முதல் வரியில் தொடங்கவில்லை. வாழ்க வாழ்க, வெல்க வெல்க, போற்றி போற்றி என்று வருகிற அந்த வாழ்த்துகள் எல்லாவற்றையும் தாண்டி, நேரே 25ஆவது வரிக்குப் போகிறார்: உன் பெருமையைப் புகழும் வழி ஒன்றும் தெரியாத பொல்லாத வினைக்காரன் நான் என்கிற வரி. 62 வயதில், அதுவரை எத்தனையோ ஆயிரம் பாட்டுகளுக்கு மெட்டுப் போட்ட ஒருவர், புகழத் தெரியவில்லை என்ற இடத்தில் வாய் திறக்கிறார். இந்த ஒரு முடிவுக்காகவே அவருக்குப் பாடகர் என்ற முறையில் நான் எழுந்து நிற்பேன்.

அதற்கு அடுத்த வரிகளைச் சீடியில் நிறுத்தி நிறுத்திக் கேளுங்கள். புல், பூடு, புழு, மரம், மிருகம், பறவை, பாம்பு, கல், மனிதர், பேய் என்று பிறவிகளை அடுக்கிக்கொண்டு போகும் இடம். சினிமாப் பாடகர் ஒருவருக்கு இது பெரிய ஆசைகாட்டும் இடம். பறவைக்கு ஒரு சங்கதி, பாம்புக்கு ஒரு வளைவு, பேய்க்கு ஒரு மிரட்டல் என்று போட்டுக் காட்டலாம், கைதட்டும் கிடைக்கும். இளையராஜா ஒன்றுமே போடவில்லை. கணக்கு ஒப்புவிக்கிற ஆள் மாதிரி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வருகிறார். அப்படிச் சொல்லி வந்து 'எல்லாப் பிறப்பும் பிறந்து இளைத்தேன்' என்று சேரும்போது, அந்த 'இளைத்தேன்' பாடகர் நடித்துக் காட்டியதாகத் தெரியவில்லை, உடம்பிலிருந்து வருகிறது. இளமையில் இருந்த மூச்சு இப்போது இல்லை, மேல் ஸ்தாயியில் குரல் மெலிகிறது. நீங்கள் 'எடுபடவில்லை' என்று சொன்னது அநேகமாக இதைத்தான். ஆனால் மெட்டை அந்தக் குரல் நிற்கக்கூடிய இடத்தில்தான் கட்டியிருக்கிறார். உயரத்துக்கு ஓர்கெஸ்ட்ராவையும் கோரஸையும் அனுப்பிவிட்டு, தான் கீழே நிலத்தில் நிற்கிறார். வயதான பாடகர்களின் பல ஆல்பங்கள் கெட்டுப்போவது, இருபது வருஷத்துக்கு முந்திய குரலுக்கான மெட்டை இன்றைய குரலில் இழுக்கப் பார்ப்பதால். இங்கே பாடகரும் மெட்டுப் போடுகிறவரும் ஒரே ஆள், தன் குரலின் எல்லை எது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஆங்கிலக் கோரஸ் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். அதைக் கேட்டதும் முகம் சுளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது உறுத்தவில்லை. தனியாக ஒருவர் அழுதுகொண்டிருக்கும்போது பின்னால் வேற்று ஊர்க் கூட்டம் ஒன்று வந்து நின்று 'எங்களுக்கும் அதே நிலைதான்' என்று சொல்வதுபோல அது வருகிறது. ஆனால் பாட்டின் நீளத்துக்கு அது கொஞ்சம் அதிகம். பாதியாகக் குறைத்திருந்தால் தமிழ் வரிகளுக்கு இன்னும் இடம் கிடைத்திருக்கும். சிவபுராணத்தில் விட்டுப்போன வரிகள் எத்தனை இருக்கின்றன!

நம் கோயில்களில் பஞ்சபுராணம் என்று ஐந்து திருமுறைப் பாட்டுகள் படிக்கும்போது திருவாசகத்தை மோகன ராகத்தில்தான் படிப்போம். ஓதுவார் மரபும் அதுதான். தருமபுரம் ப. சுவாமிநாதன் பாடிய திருமுறைப் பதிவுகளைக் கேட்டு வளர்ந்த காதுகள் நமக்கு. அந்த மோகனத்தில் ஒரு அமைதி இருக்கிறது, பூசை முடிந்து தீபாராதனை காட்டிய பிறகு கேட்கும்போது மனம் அடங்கும். இந்த ஆல்பம் வந்தபோது நம் பெரியவர்கள் சிலர் "இது திருவாசகம் படிக்கிற முறையா?" என்று கோபித்துக்கொண்டது அதனால்தான். அவர்கள் கோபத்தில் நியாயம் உண்டு. கோயிலில் இந்த மெட்டுகளைப் படிக்க முடியாது, படிக்கவும் கூடாது. கோயில் படிப்பு என்பது எல்லோருக்கும் பொதுவானது, படிக்கிறவன் தன்னைக் காட்டக் கூடாது. இளையராஜா செய்தது வேறு வேலை. மோகனத்தை விட்டு, ஒவ்வொரு பகுதியையும் அதன் பொருளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து மெட்டுப் போட்டிருக்கிறார். தமிழே தெரியாத வாத்தியக்காரர்களுக்கு அவ்வளவையும் நோட்ஸாக எழுதிக் கொடுத்திருக்கிறார். இரண்டையும் ஒரே தராசில் போடத் தேவையில்லை. நான் விடிய மோகனத்தில் படித்துவிட்டு இரவு இதைக் கேட்கிறவன்.

இப்போது உங்களுடைய இரண்டாவது விஷயம், சுண்ணம் இடிக்கிற பாட்டு. இதுதான் நீங்கள் கேட்டதில் கனமானது, ஆகவே ஆறுதலாகச் சொல்கிறேன்.

நம் சைவ வீடுகளில் செத்தவீட்டுக் கிரியையில் உரலும் உலக்கையும் வைத்துச் சுண்ணம் இடிப்போம். பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடித்துச் சுற்றி நிற்க, ஒருவர் திருப்பொற்சுண்ணம் படிப்பார். 'முத்து நற்றாமம்' என்று தொடங்குகிற வரியைக் கேட்டதும் ஈழத்தில் பிறந்த எந்தச் சைவனுக்கும் சாம்பிராணி மணமும் அழுகைச் சத்தமும்தான் நினைவுக்கு வரும். ஒவ்வொரு பாட்டும் பொற்சுண்ணம் இடிப்போம் என்று முடியும்போது உலக்கை விழும். உங்களுக்கு அந்த நினைவு இன்னும் ஈரம் காயாமல் இருக்கிறது. அதனால் அந்தப் பாட்டு ஓர்கெஸ்ட்ராவோடு வந்தது ஒரு மாதிரி இருந்திருக்கும், இருக்கத்தான் செய்யும்.

ஆனால் பாட்டு என்ன சொல்கிறது என்று ஒருக்கால் பாருங்கள். முத்துமாலையும் பூமாலையும் தொங்கவிடுங்கள், முளைக்குடம் வையுங்கள், தூபம் காட்டுங்கள், தீபம் ஏற்றுங்கள், தேவியரே வந்து பல்லாண்டு பாடுங்கள், கவரி வீசுங்கள் என்று போகிறது. பெண்கள் கூடி உரலைச் சுற்றி நின்று, இறைவனின் நீராட்டுக்குப் பொற்சுண்ணம் இடிக்கிற பாட்டு. தில்லையில் பாடியது. பழைய ஏடுகளில் இந்தப் பகுதிக்குப் போட்டிருக்கிற குறிப்பே 'ஆனந்த மனோலயம்' என்பதுதான். மாணிக்கவாசகர் எழுதியதில் இதைப்போல ஒரு கொண்டாட்டப் பாட்டு குறைவு. நம் பெரியவர்கள் இதைச் செத்தவீட்டுக்குக் கொண்டுவந்தது, உயிர் சிவனடிக்குப் போகிறது, அதை நீராட்டி மங்கலமாக வழியனுப்ப வேண்டும் என்ற எண்ணத்தில். எங்களுக்கு அப்படித்தான் சொல்லித் தந்தார்கள். காலப்போக்கில் பாட்டின் மங்கலம் நமக்கு மறைந்து, இழவு மட்டும் காதில் தங்கிவிட்டது.

தமிழ்நாட்டிலிருந்து மெட்டுப் போட்ட இளையராஜாவுக்கு நம்முடைய இந்தப் பாரம் இல்லை. அவர் ஏட்டைப் பார்த்தார், பெண்கள் கூட்டமாய்ப் பாடுகிற பண்டிகைப் பாட்டைக் கண்டார், அப்படியே மெட்டுப் போட்டார். நமக்கு அது ஒரு வகையில் நன்மை. உங்கள் அப்பாவின் உரலைச் சுற்றிப் படித்த அதே வரிகள், பந்தல் கட்டி மாலை தொங்கவிட்ட வீட்டில் பாடுவதற்கும் உரியவை என்பதை இந்த மெட்டுக் காட்டித் தருகிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு ரசிகனாக ஒரு குறையையும் சொல்ல வேண்டும். ஆல்பத்தில் எனக்குக் கொஞ்சம் குறைவாகப் படுகிற பாட்டும் இதுதான். மெட்டு அருமை. ஆனால் பல குரல்கள் மாறி மாறி வருகின்றன, எல்லாமே சினிமாவில் பழகிய நல்ல குரல்கள். வழுக்கிக்கொண்டு போகிறது. உலக்கை உரலில் விழுகிற அந்தக் கனம் தாளத்தில் இல்லை. இடிக்கிற பாட்டுக்குக் கை வலி தெரிய வேண்டும். நம் ஊரில் செத்தவீட்டில் படிக்கிற ஐயாமாரின் குரலில், சுருதி எங்கேயோ போனாலும், அந்தக் கனம் இருக்கும்.

திருக்கோத்தும்பியும் பிடித்தபத்தும் நன்றாகவே இருக்கின்றன. அவற்றைப் பற்றி இங்கே நீட்டவில்லை. கோத்தும்பி தும்பியைத் தூது அனுப்புகிற பாட்டு, காதுக்கு உடனே பிடிக்கும், முதலில் பிடித்துப்போவதும் அதுவாக இருக்கலாம். மகள் பவதாரிணியின் குரலும் இந்த ஆல்பத்தில் இருக்கிறது. 2024 ஜனவரி 25 அன்று அவர் காலமானது நம் கொழும்பில், சிகிச்சைக்காக வந்திருந்த இடத்தில். இளையராஜா அந்த நாட்களில் கச்சேரிக்காகக் கொழும்பில் இருந்தார், கச்சேரி நின்றுபோனது. டிக்கெட் எடுத்துவிட்டுக் காத்திருந்த நம் ஊர் ரசிகர்கள் யாரும் அன்றைக்குக் காசைப் பற்றிக் கதைக்கவில்லை. அதன்பிறகு இந்த ஆல்பத்தில் அந்தப் பிள்ளையின் குரல் வரும்போது எனக்கு வேறு மாதிரிக் கேட்கிறது. அதை இசை விமர்சனத்தில் சேர்க்க முடியாது, ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

உங்கள் அப்பா ஏன் வைத்திருந்தார் என்று கேட்டீர்கள். அவர் மனதுக்குள் இருந்ததை நான் சொல்ல முடியாது. ஆனால் அந்த ஆல்பம் நம் ஊருக்கு வந்து சேர்ந்த காலத்தைச் சொன்னால் உங்களுக்கு ஏதோ விளங்கும்.

2004 மார்கழியில் சுனாமியாகக் கடல் வந்த நாள் பூரணை. திருவெம்பாவைக் காலம். விடிய எழும்பிக் கோயிலுக்குப் போய்த் திருவாசகம் படித்துவிட்டு வந்த ஆட்கள் காலைச் சாப்பாட்டுக்கு இருந்த நேரத்தில் கடல் ஊருக்குள் வந்தது. கிண்ணியா, மூதூர், உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளி என்று நம் மாவட்டத்தின் கரை முழுக்க அடிபட்டது. அடுத்த ஆனியில் இந்த ஆல்பம். சீடி கை மாறிக் கை மாறி இங்கே வரும்போது பாதிப்பேர் இன்னும் கொட்டில்களில் இருந்தார்கள். அதற்கடுத்த வருஷம், 2006இல், மாவிலாற்று அணைப் பிரச்சினையோடு சண்டை மறுபடி தொடங்கியது. மூதூர் கிழக்குச் சனம் இடம்பெயர்ந்தது, சம்பூர் ஆட்கள் பல வருஷம் ஊர் திரும்ப முடியாமல் முகாம்களில் கிடந்தார்கள். டவுனில் இருந்தவர்கள் இருட்டினால் வெளியே போவதில்லை. பின்னேரம் கதவைச் சாத்தினால் வீட்டுக்குள் இருந்து என்ன செய்வது? ரேடியோ, இல்லாவிட்டால் சீடி.

அந்த நாட்களில் அச்சப்பத்தைக் கேட்டது வேறு விஷயம். 'புற்றில் வாழ் அரவும் அஞ்சேன்' என்று ஆல்பத்தின் கடைசிப் பாட்டாக வருகிறதே, அது. ஏட்டில் அந்தப் பத்தையும் எடுத்துப் படித்துப் பாருங்கள். பாம்புக்கு அஞ்சேன், வேலுக்கு அஞ்சேன், நோயெல்லாம் வந்தாலும் அஞ்சேன், மலையே புரண்டாலும் அஞ்சேன், சாவுக்கும் கூற்றுவனின் கோபத்துக்கும் அஞ்சேன் என்று அடுக்கிக்கொண்டு போகிறார். 'வினைக்கடல் கொளினும் அஞ்சேன்' என்று ஒரு இடம். கடல் கொண்டுபோன ஊரில் இருந்துகொண்டு அதைப் படிக்கும்போது எப்படி இருந்திருக்கும் என்று நான் விளக்கத் தேவையில்லை. பயம் இல்லாதவன் இப்படி அடுக்கமாட்டான். ஒவ்வொன்றாகப் பேர் சொல்லி அஞ்சேன் அஞ்சேன் என்று சொல்கிறவன், அவ்வளவையும் பார்த்துப் பயந்தவன்தான். இளையராஜா அதை வீரமாகப் பாடவில்லை, முழக்கமாக்கவில்லை. தனக்குத் தானே சொல்லிக்கொள்கிற தொனியில் வைத்திருக்கிறார். வீரமாகப் பாடியிருந்தால் அந்த நேரத்தில் எங்களால் கேட்டிருக்க முடியாது. குரல் பெரிதாக எடுபடாதது இங்கே எவ்வளவு பெரிய உதவி என்று பாருங்கள். பக்கத்து அறையில் இருந்து வீட்டுப் பெரியவர் ஒருவர் சொல்கிற மாதிரி அது இருந்தது. நம் ஊரில் அந்த ஆல்பத்தைக் கேட்டவர்களோடு பின்னாளில் கதைத்தபோதெல்லாம் அவர்கள் முதலில் சொன்னது இந்தப் பாட்டைத்தான், சிவபுராணத்தைக்கூட இல்லை.

எஸ்.பி.பி. பாடியிருந்தால் என்ற உங்கள் கேள்விக்கு இதுதான் என் பதில். எஸ்.பி.பி.யை நான் ஒரு பிடி கூடவே நேசித்தவன். 2020 செப்டம்பரில் அவர் போனபோது எங்கள் வீட்டில் அன்று சமைக்கவில்லை. ஆனால் அவர் குரலில் எப்போதும் ஒரு துணை இருக்கும், 'நான் இருக்கிறேன்' என்று சொல்கிற குரல் அது. அச்சப்பத்துப் பாடுகிறவனுக்கு அப்படி ஒரு துணை இன்னும் கிடைக்கவில்லை. அதைத் தேடித்தான் பாடுகிறான்.

இப்போது இளையராஜா எண்பதைத் தாண்டிவிட்டார். 2025 மார்ச் 8 அன்று லண்டனில் ரோயல் பில்ஹார்மோனிக் ஓர்கெஸ்ட்ராவை வைத்து 'வேலியண்ட்' என்ற தன் சிம்பனியை அரங்கேற்றினார். அது முழுக்க வாத்தியம், பாட்டு இல்லை. அதைக் கேட்டுவிட்டு, திருவாசகம் அதற்கு ஒத்திகைதான் என்று சிலர் கதைக்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். ஓர்கெஸ்ட்ரா எழுத்தாக மட்டும் பார்த்தால் 2005க்குப் பிறகு அவர் நிறையத் தூரம் போய்விட்டார், சரி. ஆனால் திருவாசகத்தில் ஓர்கெஸ்ட்ரா அவருடைய இலக்கு இல்லை. ஒரு மனிதக் குரல் தனியாக நின்று கேட்கிறது, அதற்கு எவ்வளவு பெரிய வெளி வேண்டுமோ அவ்வளவுக்கு வாத்தியங்கள் இருக்கின்றன. அதை 'ஒத்திகை' என்றால் பாடகரை மறந்துவிட்டோம் என்று அர்த்தம்.

இனி எப்படிக் கேட்பது என்று சொல்கிறேன். ஃபோன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். தாழ்ந்த வாத்தியங்கள் எல்லாம் காணாமல் போய்க் குரல் மட்டும் மெலிந்து நிற்கும், உங்களுக்கு அப்படித்தான் பட்டிருக்குமோ என்று சந்தேகம். அப்பாவின் செட் இருந்தால் அதிலேயே போடுங்கள், இல்லாவிட்டால் ஓரளவு நல்ல ஹெட்ஃபோன். ஆறையும் ஒரே இருப்பில் கேட்க வேண்டாம். முதலில் திருவாசகப் புத்தகத்தை எடுத்துச் சிவபுராணத்தின் 20ஆவது வரியிலிருந்து மெதுவாக வாசித்துவிட்டு, பிறகு 'பொல்லா வினையேன்' பாட்டைப் போடுங்கள். இன்னொரு நாள் அச்சப்பத்து. யாத்திரைப்பத்தை அதற்குப் பிறகு கேட்டால் அது ஏன் முதலில் நிற்கிறது என்று விளங்கும். மற்ற இரண்டும் எப்போது வேண்டுமானாலும்.

'முத்து நற்றாமம்' மட்டும் இப்போதைக்கு வேண்டாம். உங்களுக்காகச் சொல்லவில்லை, அம்மா வீட்டில் இருக்கிறார் அல்லவா, அவர் காதில் விழும். ஆட்டைத் திவசம், அதாவது முதல் வருஷத் திவசம், முடியட்டும். அப்புறம் அவரிடமே கேட்டுவிட்டுப் போடுங்கள். பொருளைச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போட்டால் இன்னும் நல்லது.